கோர்ட்டுக்குக் கூட வரும் அக்கா: நீலகிரியில் வழக்குத் துணையாளர்களைப் பயிற்றுவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கூடலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து காலையில் கிளம்பும் பஸ். முன் சீட்டில் ஒரு பெண். நான்கு சீட் தள்ளி, அவரை அடித்த வழக்கில் எதிரியாக இருக்கும் கணவர். இரண்டு பேரும் போவது ஒரே கோர்ட்டுக்கு. கோர்ட் கூடும் நேரத்துக்குள் போய்ச் சேர வேறு பஸ் கிடையாது. வழி நெடுக அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வப்போது தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டார். கூண்டில் ஏறிய அந்தப் பெண், "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அரசுத் தரப்பு அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தது. அந்த வழக்கு பஸ்ஸிலேயே முடிந்துபோயிருந்தது.

அந்த நான்கு சீட் இடைவெளியில் யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் பயிற்சி தொடங்கியது. காகிதத்தில் 'வழக்குத் துணையாளர்' என்று பெயர் வைத்தோம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'கோர்ட்டுக்குக் கூட வர்ற அக்கா' என்கிறார்கள். அதுதான் சரியான பெயர் என்று எனக்கும் படுகிறது.

சுய உதவிக் குழுக்கள், தொண்டு அமைப்புகள், எஸ்டேட் தொழிற்சங்கங்களின் மகளிர் பிரிவுகள் இப்படிப்பட்ட ஆட்களைப் பயிற்றுவிக்க நினைத்தால், இந்த வழிகாட்டி அவர்களுக்கு. கால அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஏனென்றால் தோட்டத்தில் பறிக்கப் போகிறவர்களுக்கு அன்றுதான் லீவு. கோர்ட்டைப் பார்க்க மூன்று வேலை நாட்கள். அதன்பின் குறைந்தது மூன்று மாதம், அனுபவமுள்ள ஒருவர் பின்னால் போய்ப் பழகுவது. இதைவிடச் சுருக்கினால் ஆள் கிடைப்பார், துணை கிடைக்காது.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை நான் செய்த தவறு, நன்றாகப் பேசுகிறவர்களாகப் பார்த்து எடுத்தது. குழுத் தலைவிகள், வார்டு மெம்பராக இருந்தவர்கள், மைக் பிடித்துப் பழகியவர்கள். இரண்டே மாதத்தில் விளைவு தெரிந்தது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்ட கேள்விக்கெல்லாம் இவர்களே பதில் சொன்னார்கள். புகார் முழுக்க இவர்கள் மொழி. பின்னால் குறுக்கு விசாரணையில், "'மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்' என்று எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் என்னம்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது அந்தப் பெண் விழித்தார்.

இப்போது ஒரு சின்ன சோதனை வைக்கிறேன். "கோத்தகிரிப் பக்கம் ஒரு பெண். கணவர் அடித்ததில் கை முறிந்திருக்கிறது. இரண்டு குழந்தைகள். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். 'உடனே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன்', 'அவனை நாலு பேர் முன்னால வெச்சுக் கேப்பேன்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லி உட்கார வைப்பேன். 'அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?' என்று என்னைத் திருப்பிக் கேட்பவரை எடுத்துக்கொள்வேன். பத்துப் பேரில் இரண்டு பேர் அப்படிக் கேட்டால் அதிர்ஷ்டம்தான்.

மொழியைப் பாருங்கள். இந்த மலையில் ஒரே கோர்ட் வராந்தாவில் படுகர் மொழியும் மலையாளமும் பணியர் பழங்குடிப் பேச்சும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழும் கேட்கும். எல்லோருக்கும் தமிழ் புரியும் என்பது கடைவீதிக்குச் சரி. உடம்பில் பட்ட அடியைச் சொல்லத் தாய்மொழிதான் வரும். ஆனால் ஒன்று: கோர்ட்டில் மொழிபெயர்க்கும் வேலையைத் துணையாளர் ஏற்கக் கூடாது. அதற்குக் கோர்ட்தான் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். நமக்கு வேண்டப்பட்டவர் மொழிபெயர்த்தார் என்ற ஒரே வரி போதும், சாட்சியத்தின் மேல் சந்தேகம் கிளப்ப.

அப்புறம் சொந்தம். ஒரு ஹட்டிக்குள், அதாவது ஒரு படுகர் ஊருக்குள், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான். ஆகவே ஒரே ஹட்டி, ஒரே எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரே மந்து (தோடர் குடியிருப்பு) இவற்றிலிருந்து துணையாளர் போடுவதில்லை என்பது எங்கள் விதி. குன்னூர்ப் பெண்ணுக்குக் குந்தாவிலிருந்து ஆள் வருவார். பஸ் செலவு கூடும், கூடட்டும்.

தானே அடிபட்டு வெளியே வந்த பெண்கள் அருமையான துணையாளர்கள் ஆகிறார்கள். தங்கள் சொந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் மட்டும், அது முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

படி 2: சட்டத்துக்கு முன் எல்லைகள்

முதல் ஞாயிறு சட்டம் சொல்லிக்கொடுக்காதீர்கள். என்னென்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள். சட்டம் தெரிந்த மறுநாளே ஆட்களுக்கு வக்கீல் ஆகிவிட்ட நினைப்பு வந்துவிடுகிறது.

துணையாளரிடம் சொன்ன ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சொல்லும்படி கோர்ட் கட்டாயப்படுத்தாது. நம்மைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் சொல்லியாக வேண்டும். நம் நோட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கலாம். ஆகவே, நடந்த சம்பவத்தின் விவரத்தை அந்தப் பெண்ணிடம் தோண்டிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், எழுதாதீர்கள். நோட்டில் இருக்க வேண்டியது தேதி, கோர்ட், வழக்கு எண், அன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது என்பது மட்டும். 'பாவம், ரொம்பக் குழம்பிப் போயிருக்கிறார்' என்று ஒருவர் அன்பாக எழுதி வைத்ததை எதிர்த்தரப்பு எப்படிப் படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடிபட்ட இரவில் அந்தப் பெண் ஓடி வந்து கதவைத் தட்டிய வீட்டுக்காரர் துணையாளராக இருக்க முடியாது. அவர் சாட்சி. மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது அவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். கைபிடித்து உள்ளே வர முடியாது. வேறு ஆளைப் போடுங்கள்.

மூன்றாவது, கணவன் வீட்டாரின் கொடுமைக்கான புகாரைத் துணையாளர் தன் பெயரில் கொடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவரோ அவருடைய ரத்த, திருமண, தத்து உறவினரோ தகவல் கொடுத்தால்தான் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியும். உறவே இல்லாதவருக்கு மட்டும், அரசு அறிவித்த அலுவலர் கொடுக்கலாம். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், நல்ல எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். அப்படிச் சொன்னவர் மேல் எந்தப் பொறுப்பும் விழாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வாதாடுகிறவர்கள் நிறைய.

நான்காவது, சாட்சியைச் சொல்லிக்கொடுப்பது. அதற்குத் தனிப் படியே வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறது.

படி 3: இரண்டு தண்டவாளம்

சட்ட வகுப்புக்கு நான் எடுத்துப்போகும் படம் நம் மலை ரயில். வழக்குகள் இரண்டு தண்டவாளம் போல இணையாக ஓடும். ஒன்று மற்றொன்றாக ஆகாது.

ஒன்று குற்ற வழக்கு. கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் நடப்பவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. கொடுமை என்றால் என்ன என்பதை 86 சொல்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு என்பதால் எஃப்.ஐ.ஆர். போட்டதும் கைது நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் நடக்காது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் போகும். அன்று இரவும் அவர் வீட்டில்தான் இருப்பார். இதைத் துணையாளர் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், புகார் கொடுத்த பெண் பையைத் தூக்கிக்கொண்டு நேராக அதே வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இது 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதில் கேட்பது தண்டனை அல்ல: பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பணம், குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு. பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நடுவர் (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்கு அனுப்புவார். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மனு அறுபது நாளுக்குள் முடிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறுபது நாளில் முடிந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம்: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குடியிருப்பு விஷயத்தில் எஸ்டேட்டுக்கென்று ஒரு கேள்வி உண்டு. லைன் வீடு யாருடைய வேலையின் பேரில் கொடுக்கப்பட்டது? பெண்ணின் பேரில் என்றால், அவர் வேலைக்குப் போகாமல் அம்மா வீட்டில் இருந்துவிட்டால் வீடும் போகும், வேலையும் போகும். முதல் நாளே கேட்டுவிடுங்கள். வீடு மாமனார் பேரில் இருந்தால் உரிமையே இல்லை என்பதும் தவறு. 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டாக வாழ்ந்த வீடு கணவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்று தீர்த்துவிட்டது.

திருப்பூரிலோ கோவையிலோ வாழ்க்கைப்பட்டு, அடி தாங்காமல் கோத்தகிரியில் தாய்வீட்டுக்கு வந்தவர், "கேஸ் அங்கேதான் போடணுமா?" என்று கேட்பார். வேண்டாம். தஞ்சமடைந்த ஊரிலேயே வழக்கு நடக்கலாம் என்பது 2019இல் ரூபாலி தேவி வழக்கின் தீர்ப்பு. இந்த ஒரு தகவலுக்காகவே பல பெண்கள் அழுதிருக்கிறார்கள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். வண்டியை அது தானாக இழுப்பதில்லை. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது, பின்னால் சறுக்காமலும் இருக்கிறது. துணையாளர் யார் என்று வகுப்பில் கேட்டால் அதைக் காட்டுவேன்.

படி 4: ஆஸ்பத்திரியும் ஸ்டேஷனும்

இங்கே ஆஸ்பத்திரிதான் முதலில். மலையில் ஒரு வசதியான பொய் உண்டு: "சரிவுல வழுக்கி விழுந்துட்டேன்." சமவெளியில் டாக்டர் இரண்டாவது தடவை பார்ப்பார், இங்கே மழைக்காலத்தில் தினமும் நாலு பேர் நிஜமாகவே வழுக்கி விழுந்து வருகிறார்கள், அப்படியே எழுதிவிடுவார். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு வரி, வருஷக் கணக்கில் வழக்கைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும். யார், எதனால், எங்கே அடித்தார் என்பதை அந்தப் பெண் தன் வாயால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். துணையாளர் கதவுக்கு வெளியே நின்று, மாமியாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பதிவேட்டு நகலை, ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள்.

கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். குரல் மாறியது, விழுங்க முடியவில்லை, கண் இருட்டியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, எல்லாவற்றையும். கழுத்தில் கை வைத்தவர் அடுத்த தடவை கொல்லும் ஆபத்து பல மடங்கு அதிகம். அந்த இரவே தங்க வேறு இடம் பாருங்கள். பெண்கள் உதவி எண் 181 அல்லது ஒருங்கிணைந்த சேவை மையம் தற்காலிகத் தங்குமிடத்துக்கு வழி செய்யும். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 112.

ஸ்டேஷனில் கொடுக்கிற தாள் எது என்று பார்க்கப் பழக்குங்கள். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 'கேஸ் போட்டாச்சு' என்று ஆறு மாதம் நம்பியிருந்தவர்கள் உண்டு. அது மனு வாங்கியதற்கான அடையாளம், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். மூன்று முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்த இப்போது வழி இருக்கிறது. அதற்கும் பதினான்கு நாள்தான் கெடு. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் பதில் இல்லை என்றால் நடுவர் கோர்ட். வாக்குமூலம் வாங்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது, அவர் இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும். போலீசாரிடம் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை.

புகாரை அவர் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். 'கூர்மையான ஆயுதத்தால்' வேண்டாம். அவர் 'கவாத்துக் கத்தி' (தேயிலைச் செடியைக் கழிக்கும் கத்தி) என்றால் கவாத்துக் கத்திதான். தேதி தெரியாவிட்டால் இஷ்டத்துக்கு ஒரு தேதி போடாதீர்கள். இங்கே பெண்கள் நாளை ஞாபகம் வைப்பது காலண்டரில் இல்லை. 'ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம்', 'கவாத்து முடிஞ்ச மறுநாள்', 'மலர்க் கண்காட்சிக் கூட்டம் இருந்தப்போ'. அப்படியே எழுதினால் மூன்று வருஷம் கழித்துக் கூண்டிலும் அதையேதான் சொல்வார். யாரோ யூகித்து எழுதிய '14ஆம் தேதி' மட்டும்தான் அன்றைக்கு அவர் காலை வாரிவிடும்.

செல்போனில் வந்த மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. அந்த போனையே பத்திரப்படுத்துங்கள், எதையும் அழிக்க விடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழை வக்கீல் பார்த்துக்கொள்வார். வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற பேச்சே வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

படி 5: கோர்ட்டைக் கண்ணால் காட்டுவது

இந்தப் படியைப் படத்தில் காட்ட முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். கொடுமை வழக்குகள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி நடுவர் கோர்ட்டில் நடக்கும். வரதட்சணை மரணம் போன்ற பெரிய வழக்கு என்றால் உதகை. பந்தலூரிலிருந்து உதகைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலைப்பாதை.

காலை பத்து மணிக்கே போய் உட்காருங்கள். டவாலி எப்படிக் கூப்பிடுகிறார், பெயரை எப்படி உருமாற்றுகிறார், கூப்பிடும்போது வராந்தாவில் இருந்தால் காதில் விழுமா என்று கவனியுங்கள். பெஞ்ச் கிளார்க் யார், அரசு உதவி வழக்கறிஞர் எந்தப் பக்கம், சாட்சிக் கூண்டிலிருந்து பார்த்தால் எதிரி எங்கே நிற்பார். கூண்டில் நிற்கும் பெண் யாரைப் பார்த்துப் பேசினால் எதிரி கண்ணில் படமாட்டார் என்பதை ஒவ்வொரு கோர்ட் ஹாலிலும் தனித்தனியாகப் பார்த்து வையுங்கள்.

கழிப்பறை எங்கே என்பதும் பாடம்தான். உதகை நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்கே கழிப்பறை வசதி இல்லை என்ற புகார் 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்று மணிக்குக் கூண்டேறும் பெண்ணுக்குத் தலை சுற்றுவதில் ஆச்சரியம் இல்லை.

படி 6: பஸ், பாதை, பயம்

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்பு எழுத வேண்டிய சின்னத் தாள் இது. எந்த பஸ்? எதிரி தரப்பும் அதே பஸ்தானா? ஆம் என்றால், முந்தின நாளே கிளம்பி கோர்ட் இருக்கும் ஊரில் தங்க முடியுமா? முடியாவிட்டால் துணையாளர் அந்தப் பெண்ணின் ஊரிலிருந்தே கூட ஏற வேண்டும், ஜன்னல் பக்கம் அவர், வழிப்பக்கம் நாம். திரும்பி வரும் கடைசி பஸ் எது? அது போய்விட்டால் எங்கே தங்குவது?

மலைக்கே உரிய மற்றவை: தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மரம் விழும். வடகிழக்கு மழையில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும். மே மாத சீசனில் எந்த பஸ்ஸும் நேரத்துக்கு வராது, மலைப்பாதையும் ஒருவழியாகிவிடும். கோவையிலிருந்து சொந்தக் காரில் வரும் சாட்சி, நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். சிக்னல் இல்லாத ஊர் என்றால் யார் வீட்டுக்குத் தகவல் சொல்வது? வர முடியாமல் போனால் கோர்ட்டுக்குக் காலையிலேயே தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாட்சிக்கே வாரண்ட் பிறக்கலாம். அடிபட்டவர் பெயருக்குப் போலீஸ் தேடிக்கொண்டு வந்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மிரட்டல் வந்தால் அரசு உதவி வழக்கறிஞருக்கும் விசாரணை அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். ஜாமீன் நிபந்தனையை மீறியிருந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான வேறு சில குற்றங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது; வெறும் 85ஆம் பிரிவு வழக்கில் அதை நம்பி இருக்காதீர்கள். அங்கே பாதுகாப்பு உத்தரவுதான் கைக்கருவி. அதனால்தான் இரண்டாவது தண்டவாளத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

படி 7: வாய்தா

எல்லோரும் தயாராவது சாட்சி சொல்லும் நாளுக்கு. வழக்குகள் உதிர்வது அதற்கு முந்தைய வாய்தாக்களில். எதிரி வரவில்லை, வக்கீல் வரவில்லை, நடுவர் விடுப்பு, வக்கீல்கள் புறக்கணிப்பு, சம்மன் சார்வாகவில்லை, அதாவது உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு தரப்பு கேட்டால் கட்டுப்பாட்டை மீறிய காரணத்துக்கு அதிகபட்சம் இரண்டு முறைதான் தள்ளிவைக்கலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. மேஸ்திரியிடம் ஒரு பொய். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு அண்டை வீட்டில் ஒரு கெஞ்சல். அதனால், எந்த வாய்தாவுக்கு அவர் வந்தே ஆக வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்லப் பழகுவதுதான் துணையாளரின் பெரிய திறமை என்று நினைக்கிறேன். குற்ற வழக்கை நடத்துவது அரசு. சம்மன் வராத நாளில் சாட்சி வந்து நிற்கத் தேவையில்லை. வழக்கின் அடையாளமான, எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு கொண்ட சி.என்.ஆர். எண்ணை முதல் நாளே குறித்து வைத்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியைப் பார்த்துவிடலாம். சந்தேகம் என்றால் துணையாளர் மட்டும் போய்ப் பார்த்து வந்து அன்று மாலையே சொல்ல வேண்டும். 'ஒண்ணும் நடக்கல' என்றாலும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லத் தொடங்கிவிடும்: 'உன் கேஸெல்லாம் எப்பவோ தள்ளுபடி.'

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். தேதியை நோட்டில் குறித்து வைத்துக் கேளுங்கள்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. கூலி இழப்புக்கு ரொக்கம் கொடுத்தால், 'சாட்சி சொல்ல இந்த அமைப்பு பணம் கொடுத்தது உண்மைதானே?' என்று கேள்வி வரும். நாங்கள் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறோம், சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறோம், ரசீது வைக்கிறோம். கோர்ட் கொடுக்கும் சாட்சிப்படி வேறு. அதைக் கேட்டு வாங்கலாம்.

படி 8: கூண்டு

இரண்டு ஞாயிறை இதற்கே ஒதுக்குங்கள்.

வக்கீல் தோழி ஒருவரை அழைத்து வாருங்கள். பயிற்சிக்கு வந்தவரை நாற்காலியில் நிறுத்தி, நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். எழுந்தேன், அடுப்பு மூட்டினேன், டீ போட்டேன், பிள்ளையைக் கிளப்பினேன். அப்புறம் வக்கீல் இருபது நிமிஷம் குறுக்கு விசாரணை செய்யட்டும். அடுப்பு மூட்டியது எத்தனை மணிக்கு? பிள்ளை எழுந்தது டீக்கு முன்னாலா பின்னாலா? முதலில் ஆறு மணி என்றீர்களே? பால் வாங்கப் போனதை ஏன் முதலில் சொல்லவில்லை? மறைத்தீர்களா? பத்தாவது நிமிஷத்தில் அவர் முரணாகச் சொல்வார். பதினைந்தாவது நிமிஷத்தில் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும். நேற்று டீ போட்ட கதைக்கே இப்படி என்றால் மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய அடிக்கு எப்படி இருக்கும்? உண்மை சொல்கிறவர்தான் தடுமாறுவார் என்பது இதற்குப் பிறகு யாருக்கும் மறப்பதில்லை. உண்மையான வழக்கு எதையும் இந்த நாடகத்துக்கு எடுக்காதீர்கள்.

இனி, சொல்லிக்கொடுப்பதற்கும் தயார்படுத்துவதற்கும் உள்ள கோடு. "அவர் அடிச்சது எட்டு மணிக்குத்தானே? அப்படியே சொல்லு" என்பது கோட்டைத் தாண்டியது. "நாளைக்கு எது உனக்குப் பயமா இருக்கு?" என்பது கோட்டுக்கு இந்தப் பக்கம். கூண்டில் என்ன சொல்வது என்பது அவருடையது. எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் நாம் உதவலாம். கேள்வி முடியும்வரை காத்திருக்கலாம். புரியவில்லை என்றால் 'புரியலைங்க' என்று சொல்லலாம். தெரியாததற்குத் 'தெரியாது' என்பதே முழுப் பதில். தட்டச்சர் அடித்து முடிக்கும் வேகத்தில் பேசலாம். தண்ணீர் கேட்கலாம். அழுகை வந்தால் அழலாம், கோர்ட் காத்திருக்கும். தன் புகாரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அரசு உதவி வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள், நாம் படித்து விளக்க வேண்டாம்.

கோர்ட் தமிழையும் பழக்க வேண்டும். குறுக்கு விசாரணையின் முடிவில், "நீங்கள் பணம் பறிக்கத்தான் பொய்ப் புகார் கொடுத்தீர்கள் என்று சொல்கிறேன்" என்பார் வக்கீல். முதல் தடவை கேட்கிறவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். இது ஒரு சடங்கு, எல்லா வழக்கிலும் எல்லா சாட்சியிடமும் இப்படித்தான் முடிப்பார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், 'சரியல்ல' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவார். பதிவாவதும் அப்படித்தான்: '…என்று சொன்னால் சரியல்ல.' அசிங்கமான, வேண்டுமென்றே அவமானப்படுத்தும் கேள்விகளைத் தடுக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. அதைக் கேட்க வேண்டியவர் அரசு உதவி வழக்கறிஞர். துணையாளர் எழுந்து நின்று கத்தினால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எதிரி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை என்றால் முன்கூட்டியே கேளுங்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சிகள் என்பதன் பொருளை விரிவாக்கி, அவர்களுக்கென்று சாட்சிய மையங்கள் அமைக்கச் சொல்லியிருக்கிறது. மிரட்டல் இருக்கும் பெண்ணுக்கும் அதைக் கேட்கலாம். குறைந்தபட்சம் ஒரு திரையாவது கேட்கலாம்.

அன்று துணையாளர் உட்கார வேண்டிய இடம், கூண்டிலிருந்து பார்த்தால் முகம் தெரியும் இடம். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. தலையாட்டல், உதடு அசைவு, பெருமூச்சு எதுவும். எதிர்த்தரப்பு வக்கீல் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்காகவே வகுப்பில் ஒருவர் பேச, மற்றவர் கல் மாதிரி உட்கார்ந்து கேட்கும் பயிற்சி வைக்கிறோம். சிரிப்பாகத் தொடங்கும், பத்து நிமிஷத்தில் யாரும் சிரிப்பதில்லை.

முடிந்ததும், தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. தப்பாக இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

படி 9: "வாபஸ் வாங்கிடலாமா அக்கா?"

இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் பேசிய மறுநாள், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில். துணையாளர் அதிர்ச்சி காட்டாமல் பதில் சொல்லப் பழக வேண்டும். கொடுமை வழக்கை ஸ்டேஷனிலோ நடுவர் கோர்ட்டிலோ சமாதானமாக முடிக்க முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும், நமக்கு அது சென்னை. கூண்டில் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எல்லாம் கேட்டபின் அவர் நிறுத்தத்தான் நினைத்தால் அது அவர் முடிவு. நாங்கள் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கிறோம்: "இதை யார் சொல்லச் சொன்னது?" சில நேரம் அந்தக் கேள்விக்குப் பிறகு நீண்ட அமைதி. சில நேரம், "யாரும் இல்லக்கா, நானேதான்." இரண்டையும் நம்புங்கள். வழக்கை விட்டவரையும் துணையாளர் விடக் கூடாது. அடுத்த அடி விழும்போது அவர் கூப்பிட ஒரு நம்பர் இருக்க வேண்டும்.

துணையாளரும் மனிதர்தான். ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று வழக்குக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு தடவை எல்லோரும் கூடி உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் பேசட்டும். டீயும் வர்க்கியும் இருந்தால் பேச்சு தானாக வரும்.

படி 10: தீர்ப்பு நாள்

தண்டனை என்றாலும் விடுதலை என்றாலும் அன்று மாலைதான் மிகவும் ஆபத்தானது. தீர்ப்பு வாசித்ததும் கோர்ட் வாசலில் நிற்காதீர்கள். விடுதலை என்றால், மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்பதையும், குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய பாதுகாப்பு உத்தரவு இதனால் தானாகப் போய்விடாது என்பதையும் அவர் காதில் விழும்படி, அங்கேயே, இரண்டு முறை சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கும் வேலையும் தீர்ப்பின் நகலுக்கு மனு போடும் வேலையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கிடைக்கும் முதல் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, ஊர்வரை கூடப் போய்விட்டுத் திரும்புங்கள்.